தோருவின் வாசல் கம்ப்யூட்டருக்குத் தீர்த்தம்

நான்காம் மாடி பனாயித், டிராம் ஓட்டி ஓய்ந்தவர், கம்ப்யூட்டரில் முகம் தெரியாத ஆட்களோடு பகடை விளையாடுவார். அந்த நேரமெல்லாம் முதல் மாடி தோரு தன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எல்லாருக்கும் ஒரே லைன் என்பதால் பெரியவரின் ஆட்டம் நடுவில் சிக்கிவிடக் கூடாதென்று. பனாயித்துக்கு இது தெரியாது. தோருவிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்கப் போன எதிர்வீட்டு ஃபிலொஃப்தேயா தற்செயலாகப் பார்த்ததுதான்.

தோரு, ருமேனியாவின் ப்ரைலா ஊர்க் கப்பல் பட்டறையில் வெல்டர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த அடுக்குமாடி பிளாக் முழுவதற்கும் இன்டர்நெட் அவர் சமையலறைக்குத்தான் வந்து இறங்கியது. ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதிலிருந்து கம்பிகள் ஜன்னல் வழியாக எல்லா வீட்டுக்கும் ஏறின. வாசல் கம்ப்யூட்டர் என்று அதற்குப் பேர். சூடாகிறதென்று பக்கத் தகட்டைக் கழற்றியே வைத்திருந்தார். கோயில் மணிக்கு அசையாதவர்களெல்லாம் அது ஒரு நிமிடம் நின்றால் வீட்டுச் செருப்போடு ஓடிவந்து அவர் கதவைத் தட்டினார்கள்.

"என்னண்ணே, நான் சுடறதுக்குள்ள அவன் என்னைச் சுட்டுட்டான். லைன் சரியில்ல" என்பார், கம்ப்யூட்டரில் சுடும் ஆட்டம் ஆடுகிற பல் டாக்டர் ஷெர்பனெஸ்கு.

"லைன் நல்லா இருந்தப்ப மட்டும் யாரைச் சுட்டீங்க டாக்டர்?" என்பார் தோரு. அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அந்த ஜனவரியில் கேபிள் கம்பெனி ஆள் தனித்தனி இன்டர்நெட் இணைப்பு விற்க வீடு வீடாக வந்துபோனான். எதிர் பிளாக்கோடு சுடும் ஆட்டத்தில் போட்டி இருந்தது. "அன்னிக்கு ஒரு தடவை சிக்கினாலும் நாங்க கம்பெனிக்குப் போயிடுவோம்" என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். போய்விட்டால் தோருவின் கதவைத் தட்ட ஆளில்லை.

போட்டி நாளன்றே பாதிரியாரும் வந்தார். ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்ற திருநாளுக்கு முந்தின நாள், வீடுகளுக்குத் தீர்த்தம் தெளிக்கிற நாள். வருஷா வருஷம் உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்காத டாக்டர், அன்றைக்குப் படியிறங்கி வந்து அவரைத் தோருவின் சமையலறைக்கு அழைத்துப் போனார்.

"ஃபாதர், இதுக்குக் கொஞ்சம் தாராளமாப் போடுங்க."

"இது என்னப்பா?"

"நாங்க எல்லாரும் இது வழியாத்தான் ஃபாதர் போறோம்."

பதில் பாதிரியாருக்குப் பிடித்துவிட்டது. திருநீற்றுப்பச்சைக் கொத்தைத் தீர்த்தக் கிண்ணத்தில் முழுக்க முக்கினார்.

"ஃபாதர், அந்தப் பக்கம் திறந்து..." என்று தோரு வாயெடுப்பதற்குள் சிலுவைக் குறியாக வீசிவிட்டார். படக்கென்று ஒரு சத்தம், கருகிய வாடை. வாசலில் நின்ற ஃபிலொஃப்தேயா மட்டும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பெண்கள் தலை உலர்த்தும் மெஷின்களைக் கொண்டுவந்து சாயங்காலம்வரை காற்றடித்தார்கள். அது எழுந்திருக்கவில்லை. ஆடாமலே எதிர் பிளாக் ஜெயித்தது.

"ஃபாதரை ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்க மூடி வெச்சிருக்கணும் அண்ணே" என்றார் டாக்டர்.

"ஆமா, என் தப்புதான்" என்றார் தோரு.

மாதம் முடிவதற்குள் எல்லா வீட்டிலும் கம்பெனி இணைப்பு. வசந்தத்தில் தோரு மகளோடு இருக்க ஸ்பெயினுக்குக் கிளம்பினார். பஸ் நிலையத்தில் ஃபிலொஃப்தேயா வால்நட் ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"கம்பெனி லைன் நல்லா ஓடுதா, தங்கச்சி?"

"ஓடுதுண்ணே. நிக்கறதே இல்ல."

அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "என்னிக்காவது நிக்கும். அப்ப யாரைத் திட்டுவாங்க, பாவம்."