சாணி தெளிக்காத வாசல்

கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நூல் புடவை. முந்தானையிலிருந்து கொசுவம் வரை வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி, கையால் வாரித் தெளித்த மாதிரி. புதிதாய்ப் பார்க்கிறவர்கள் அச்சுப் போட்ட டிசைன் என்று நினைத்துக்கொள்வார்கள். எல்லாம் பிளீச்சிங் பவுடர் செய்த வேலை. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். வேறு கதைக்குத் தாவினால் பேனாவால் குத்துகிறாள்.

அப்போது திருவொற்றியூரில் இருந்தோம். கண்டெய்னர் லாரி போனால் வீட்டுக்குள் சாமி படம் ஆடும். என் வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய் வேலையை விட்டிருந்தார். சும்மா கிடந்த மனுஷருக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தேன். கறுப்பு; நெற்றியில் மட்டும் விபூதி வைத்த மாதிரி வெள்ளை. அவர் தட்டிலேயே சாப்பிடும், அவர் வயிற்றின் மேலேயே தூங்கும். மூன்றாம் வாரம் வாந்தி, ரத்தபேதி. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ஓடி வந்து பார்த்தார். நாலே நாளில் போய்விட்டது. கோணியில் சுற்றி இவரே தூக்கிப் போய்ப் புதைத்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். ஒரு மாதம் வாசல் பக்கமே வரவில்லை. கூப்பிட்டாலும் பேச்சில்லை.

எனக்கோ ஒரு இடத்தில் உட்கார வராது. பக்கத்துச் சந்தில் மீன்காரம்மா வீட்டு நாய் நாலு குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் போய், ஒன்று எனக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். தெருவில் வந்த கம்பவுண்டரை எங்கள் வாசலிலேயே நிறுத்திச் சந்தோஷமாய்ச் சொன்னேன். அவருக்கு முப்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல்தான். சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை.

"யக்கா, இன்னா சொல்ற நீ? அதுக்கு வந்தது பார்வோ, நாய்க்கு நாய் தொத்துற நோவு. நாய் பூட்ச்சி, கிருமி பூடல. வருஷக்கணக்கா உன் வாசல்லயே குந்திகினு கெடக்கும்."

"அதான் பினாயில் ஊத்திக் கழுவிட்டேனே நைனா!"

"பினாயில குட்ச்சிட்டு டான்ஸ் ஆடும் அது."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "இன்னொண்ணு செத்துச்சின்னா, என்னியும் அத்தோட சேத்துப் பொதச்சிடு." ஒரு மாதம் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு அது. அன்றைக்குத் தொற்றிய பதைப்பு எனக்கு மாதக்கணக்கில் அடங்கவில்லை.

படிக்க வராதவள் என்று கம்பவுண்டருக்குத் தெரியும். கரித்துண்டால் சுவரில் ஒரு வாளி வரைந்து, பக்கத்தில் மூன்று கை வரைந்தார். வாளித் தண்ணீருக்கு மூன்று பிடி பிளீச்சிங். முதலில் அழுக்குப் போகச் சோப்புத் தண்ணீர், பிறகு இது. ரேடியோவில் நாலு பாட்டு முடியும்வரை ஈரம் காயக் கூடாது. ஆனால் இதெல்லாம் சிமெண்டுத் தரைக்குத்தானாம், மண்ணில் பலிக்காதாம். வாசல் முருங்கை மரத்தடி மண்ணை வாரி வெளியே போடட்டுமா என்றேன். "தெருவுல கொட்டுவியா? பக்கத்து வூட்டு நாய் இன்னா பாவம் பண்ணிச்சி?" என்றார். அதன்மேல் ஜல்லி போட்டுச் சிமெண்ட் பூசினோம். செத்த குட்டி நோயில் படுத்திருந்த சாக்கை எரித்தேன். தினமும் வாளியும் கையுமாய் நின்றதில் புடவைதான் புள்ளி புள்ளியாய் வெளுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கம்பவுண்டர் அந்தப் பக்கம் வந்தார். வாசலைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காலீல எழுந்ததும் இன்னாக்கா பண்ற?"

"சாணி தெளிப்பேன்."

"அப்பால?"

"அதும்மேல பிளீச்சிங்."

தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு மாசமா சாணியத்தான் வெளுத்துகினு கீற! பிளீச்சிங்கோட பவரெல்லாம் சாணியே துன்னுட்சின்னா கிருமிக்கு இன்னா மிச்சம் கீது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சாணி தெளிக்காம, கோலம் போடாம வுட்டா அது எழவு வூடு. தெரியுமா உனக்கு?"

"குட்டி வந்து செத்தா மட்டும் இன்னா வூடு?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் உள்ளே பார்த்தேன். என் வீட்டுக்காரரின் முதுகு தெரிந்தது.

மறுநாளிலிருந்து சாணி இல்லை. மறுபடி முதலிலிருந்து தேய்த்தேன். வெறும் சிமெண்டைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள், "யாரு செத்தா?" என்று கேட்டார்கள். "கிருமி" என்றேன். குட்டியோ, தடுப்பூசி அத்தனையும் போட்டு முடிகிறவரை தாயிடமே இருக்க வேண்டும் என்று கம்பவுண்டர் உத்தரவு. அது கிடக்கட்டும் என்று இருக்க என்னால் முடியுமா? தினம் போவேன். என் காலோடு கிருமி போகக் கூடாது என்று செருப்பை மாற்றி, பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்து, சந்துமுனையிலேயே நின்று எட்டிப் பார்ப்பேன். "இன்னாமே, மாப்ள பாக்க வந்துட்டு உள்ள வராமயே போற?" என்று மீன்காரம்மா மானத்தை வாங்குவாள்.

கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து, கம்பவுண்டரே குட்டியைச் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். குட்டியா அது, கன்றுக்குட்டி! செம்பட்டை நிறம். கூடையிலிருந்து குதித்து வெறும் சிமெண்டில் நின்று, நேராகப் படியேறப் பார்த்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். கொடியில் காய்ந்த இந்தப் புடவையை உருவினார், நாலாய் மடித்தார், தரையில் போட்டார். "தர சுடுது இல்ல," என்றார் யாரையும் பார்க்காமல்.

அது பன்னிரண்டு வருஷம் இருந்தது. ஒரு நாள்கூடப் பேதி என்று படுக்கவில்லை. அவரும் போய், அதுவும் போய், இப்போது வாசல் முழுக்க டைல்ஸ். சாணிக்கு வேலையே இல்லை. புடவை டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பில் இன்னும் செம்பட்டை முடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. துவைத்துப் போடட்டுமா பாட்டி என்கிறாள் பேத்தி. அந்த வருஷம் முழுக்க எல்லாவற்றையும் கழுவிக்கொண்டே இருந்தவள் நான். இதை மட்டும் கழுவ மாட்டேன்.