மூன்றாவது உப்புப் பொட்டலம்

இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒரு கை உப்பு. அதற்குப் போய் என் அம்மாவை அத்தனை பேர் முன்னால் நிற்க வைத்தார்கள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகுகிற வேலை பார்த்தாள். பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் வருகிறது என்று மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சிவகாசிப் பல் டாக்டரிடம் இழுத்துப்போனார். டாக்டர் ஊசி போட்டு, வலது பக்கம் முழுக்க ஈறுக்கு அடிவரைக்கும் சுரண்டிச் சுத்தம் செய்தார். ஆற ஒரு வாரம் ஆகும், அதுவரை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்கணும், சூடும் காரமும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார். மரப்பு விட்டதும் அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் லீவு போடவும் வழியில்லை. தீபாவளி சீசன்.

வைத்தியப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கல்லுப்பு ஈறில் குத்திவிடுமே என்று மிக்சியில் போட்டு நைசாக அரைத்தேன். எதில் மடிப்பது? எங்கள் ஊரில் காகிதத்துக்கா பஞ்சம்? அச்சகத்தில் கழித்துப் போட்ட பட்டாசு லேபிள் வீடெல்லாம் கிடந்தது. அதில் மூன்று பொட்டலம் மடித்து, பிளாஸ்கில் வெந்நீரும் ஊற்றிப் பையில் வைத்தேன். அந்த டாக்டரே வந்தாலும் இம்புட்டுப் பக்குவமாகச் செய்திருக்க மாட்டார் என்று எனக்கு நினைப்பு.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்பேன். அம்மாவோடு வேனில் வீட்டுக்குப் போவது வழக்கம். வேலை முடிந்து வருகிறவர்களின் பையை வாட்ச்மேன் திறந்து பார்த்துத்தான் விடுவார். அன்றைக்கு அம்மா பையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. லோடு ஏற்றுகிற அவசரத்தில் மூன்றாவது தடவை கொப்பளிக்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. பட்டாசு லேபிளில் மடித்த வெள்ளைத் தூளைக் கண்டதும் வாட்ச்மேன் போர்மேனைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, வெடியுப்பா?" என்றார் போர்மேன். திரிமருந்தில் கலக்கிற வெடியுப்பும் வெள்ளைதான். அதைக் களவாண்டு வீட்டில் வைத்துப் பட்டாசு செய்கிறவர்கள் உண்டு.

"சமையல் உப்புதான் அண்ணாச்சி. ஈறு புண்ணுக்குக் கொப்பளிக்க..." வீங்கின வாயில் வார்த்தை குழறியது. குழறினால் திருடியாம்!

"அது உப்புங்க! நான்தான் அரைச்சேன்!" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஏலே, அந்தப் பிள்ளைய அங்கன தள்ளி நிப்பாட்டு" என்றார் போர்மேன், வாட்ச்மேனிடம்.

வேனில் இருபது பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கொப்பளித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே! என் சொந்தச் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்தவள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உப்புன்னா வாயில போட்டுக் காட்டு" என்றார் போர்மேன்.

நுனிநாக்கில் துளி வைத்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். அவர் நாக்கு என்ன தங்கத்தில் செய்ததா?

அம்மா பொட்டலத்தை வாங்கி முழுசையும் வாயில் கொட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் போர்மேன் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அவர்தான் முதலில் தலையைக் குனிந்தார்.

"சரி சரி, போம்மா. இனிமே இதெல்லாம் உள்ள கொண்டாராத."

அவ்வளவுதான். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை? மூச்! அம்மா வேலியோரம் போய்த் துப்பிவிட்டு வந்தாள். "அந்தாளை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?" என்று வேனில் வீடு வரைக்கும் அவளைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். முந்தானையை வாயிலிருந்து அவள் எடுக்கவே இல்லை.

மறுநாள் காலையில் வீம்புக்கு மறுபடியும் உப்பை மடித்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"வேணாம் தாயி. ஆறிருச்சு."

"ஒரே நாள்லயா?"

"நீ அரைச்ச உப்புல்ல!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் ஒரு வாரம் என்றதை ஒரே நாளில் ஆற்றிவிட்டேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அந்த வாரமெல்லாம் அம்மா கஞ்சியை நன்றாக ஆறவிட்டு, இடது பக்கமாகவே ஒதுக்கிக் குடித்தாள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, ருசியாக இருக்கிறது என்றாள். நானும் ஒரு வாய் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். துளி உப்பில்லை. போட மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.