விரல் தாண்டிய சொல்

போன வாரம் அலுவலகம் முடிந்து வரும்போது வெள்ளவத்தையில் நல்ல மழை. ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றேன். அதே கூரைக்குக் கீழே ஒரு திரீவீலர்காரர் தன் வண்டிக்குக் கியர் ஒயில் மாற்றிக்கொண்டிருந்தார். அந்த மணம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. தீக்குச்சியை உரசி அணைத்தது போலவும், எங்கோ வெள்ளைப்பூண்டு கெட்டுப்போனது போலவும் இருக்கும். பக்கத்தில் நின்ற ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் ஓரடி கிட்டப் போனேன்.

எங்கள் வீட்டுக்குள் அந்த மணம் பிந்தித்தான் வந்தது. அதற்கு முன்னால் கிறீஸ் மணம் மட்டும்தான். அப்பா கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் வாகனம் கழுவி, அடியில் படுத்துக் கிறீஸ் அடிக்கிறவர். சவர்க்காரம் எவ்வளவு போட்டாலும் அவருடைய கை ரேகைகள் கறுப்பாகவே இருக்கும். சிறு வயதிலேயே தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்துவிட்டவர். கையெழுத்துப் போடுவார், அதுவும் படம் வரைவது போல. அம்மாவுக்கு அதுவும் வராது. பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதால், ஜிந்துப்பிட்டியில் எங்கள் ஒற்றை அறைக்குள் நான் ஒரு சிறிய அரசாங்கக் கந்தோர். மின்சார பில், கோயில் நோட்டீஸ், மருந்துப் பெட்டி எல்லாம் என்னிடம்தான் வரும். பத்து வயதில், சட்டைப் பையில் முத்திரை வைத்திருப்பவள் போல நடந்து திரிந்தேன். தெரியாத சொல் வந்தால் ஒரு பொருளை அடித்துவிடுவேன். சரிபார்க்க யார் இருந்தார்கள்?

கொழும்பில் தொழில் தெரிந்தவரைப் ‘பாஸ்’ என்பார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றுபோலச் சொல்கிற சொல் அது. வாகனம் கழுவுகிறவருக்கு லேசில் கிடைக்காது. அப்பாவைப் பாஸ் என்று கூப்பிட்ட ஒரே ஆள் வெள்ளவத்தை ஐயா. ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து மனிதர். லண்டனுக்குப் போன அண்ணன் விட்டுச்சென்ற பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, நிலத்தோடு ஒட்டிய உடம்பு. அதற்கு அடியில் போக மற்றவர்களுக்கு விருப்பமில்லை. “இது குனிஞ்சு பாக்குற காரு இல்ல, படுத்துப் பாக்குற காரு” என்று அப்பா மட்டும் சந்தோஷமாக ஊர்ந்து போவார்.

ஒருநாள் ஐயா அந்தக் காரின் கைநூலைக் கொண்டுவந்திருக்கிறார்.

“பாஸ், முன் சில்லுக்கு எங்கெங்க என்னென்ன போடவேணும் எண்டு இதில கிடக்கு. வாசிச்சுச் சொல்லட்டே?”

“வேணாங்க ஐயா. வீட்டுல மக இருக்குது. இங்கிலீசெல்லாம் படிக்கும்.”

இதை அன்று மாலை அப்பா அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார். அதனால்தான் எனக்குத் தெரியும்.

தரையில் பத்திரிகையை விரித்து, அதன்மேல் புத்தகத்தை வைத்தோம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து வாசித்தேன். மேல் மூட்டுக்குக் கிறீஸ். ஸ்டியரிங் முனைக்குக் கிறீஸ். பிறகு, முன் சில்லைத் தாங்குகிற இரும்புத் தண்டின் அடிப்பாகம் புரிகளோடு இறங்கியிருக்கிற பித்தளைக் கூடு. அந்த இடத்தில் ‘கிறீஸ் கன்’ என்று இருந்தது, அப்பா கிறீஸ் அடிக்கிற பம்பு. அதற்குப் பக்கத்திலேயே நாக்கில் ஏறாத ஒரு சொல். ஹைப்பாய்ட். அதையடுத்து ‘ஒயில்’. கிறீஸ் கன்னுக்குள் ஒயிலா? பிழையாகச் சொன்னால் அப்பா சிரிப்பாரே என்று இரண்டையும் தாண்டிவிட்டேன்.

“இங்கயும் கிறீஸ் கன்தாம்பா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

இரண்டு வருடம் அப்பா அந்தக் கூட்டுக்குள் கிறீஸ் அடித்தார். மேலே பிதுங்கி வரும்வரை அடித்து, துணியால் அழகாகத் துடைத்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐயா தன் ஒழுங்கைக்குள் திருப்பும்போது முன் சில்லு உள்ளே மடிந்து கார் மூக்குக் குப்புற விழுந்தது. மெதுவாக வந்ததால் அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும்தான் உடைந்தது. அப்பாவுக்கு அழைப்பு வந்தது. ஐயா வீட்டில் பிஸ்கட் கிடைக்கும் என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

அப்பா முழங்காலில் இருந்து முறிந்த தண்டை எடுத்தார். மேல் பாதியில் கிறீஸ் மினுங்கியது. கீழ்ப் பாதி செங்கல் நிறத் துரு. தண்ணீர் அங்கே போய்த் தங்கியிருந்திருக்கிறது, கிறீஸ் போகவே இல்லை. பெருவிரலால் துருவைத் தேய்த்தபடியே இருந்தார்.

“பாஸ், இதுக்குள்ள என்ன போட்டனீங்கள்?”

“கிறீசுங்க.”

ஐயா கண்ணாடி இல்லாமல் புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். “கன்னுக்குள்ள கியர் ஒயிலை விட்டு அடிக்கச் சொல்லியெல்லோ கிடக்கு. பிள்ளை, நீர்தானே வாசிச்சது?”

நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

“புள்ள சரியாத்தாங்க சொல்லிச்சு. கன்னுன்னதும் நான்தான் கிறீசுன்னு புடிச்சுக்கிட்டேன். மறதிங்க.”

“இது மறக்கிற விசயமே, தம்பி?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தம்பி என்றுதான் சொன்னார். பாஸ் போய்விட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பம்பலப்பிட்டி தாண்டியதும், “அப்பா, நான்தான்...” என்று தொடங்கினேன்.

“தெரியும்மா.” முன் இருக்கையின் கம்பியைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கே தெரியும். ஒன் வெரலு எல்லா சொல்லுக்குக் கீழயும் நின்னு நின்னு வந்துச்சு. அந்த எடத்துல மட்டும் தாண்டிருச்சு.”

“ஏம்பா கேக்கல?”

கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கேட்டா, நீ தெரியாதுன்னு சொல்லணுமே.”

லண்டனிலிருந்து புதுத் தண்டு வந்ததும், தானே மாட்டித் தருவதாக அப்பா கெஞ்சிக் கேட்டார். ஐயா சம்மதித்தார். அன்றுதான் அப்பாவின் கையோடு கியர் ஒயில் மணம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதன்பிறகு அந்தக் கார் எங்கள் கராஜுக்கு வரவில்லை. அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. மற்ற வாகனங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஒன்று மட்டும் மாறியது. நான் எதை வாசித்தாலும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, என் விரலுக்குப் பின்னால் தன் விரலையும் நகர்த்திக்கொண்டு வருவார். “நில்லு, ஒண்ண விட்டுட்ட” என்பார். பல நேரம் விட்டிருக்கமாட்டேன். சும்மா ஒரு மிரட்டல். “கையக் கழுவிட்டு வாங்கப்பா” என்று கத்துவேன். பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தையும் அப்படித்தான் வாசித்தோம்.

இப்போது நான் ஆவணங்களை மொழிபெயர்க்கும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பையில் உண்மையாகவே முத்திரை இருக்கிறது. தெரியாத சொல் வந்தால், “இது எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்” என்று வந்தவர்களிடம் சொல்லிவிடுகிறேன். விரலை அந்தச் சொல்லுக்குக் கீழேயே நிறுத்திவைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். கராஜ் இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. ஐயா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் போய்விட்டார். சிவப்புக் கார் யார் கைக்குப் போனதோ தெரியாது. அப்பா இறந்து மூன்று வருடம்.

அன்று மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தவள், பெட்டிக்குள்ளிருந்து அந்த அனுமதிக் கடிதத்தை எடுத்து விரித்தேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே மங்கிய கறுப்புக் கோடு. எங்கேயும் விட்டுப்போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். காகித மணம் மட்டும்தான் இருந்தது.