வெள்ளைக் கோடு ஓடிய பாறை

போன தை மாதம், சூளகிரிக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் கல் குவாரியில் நடந்தது இது. மதியச் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் ஓய்ந்திருந்தன. ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண், போனைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தின் விளிம்பு வரை வந்துவிட்டார். ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். புது ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம். கையைத்தான் நீட்டித் தடுத்தேன்.

"அண்ணா, இங்க ஒரு மலை இருந்துதே?" என்றார். போனில் இருந்த அம்புக்குறி பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றைக் காட்டியது.

"அதை லாரி லாரியா அனுப்பிட்டோமேம்மா, போன்ல சொல்லலையா?" என்று கிரேன் ஓட்டுகிறவர் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டாம். ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, இடத்தை போனில் குறித்துவிடுவார்களாம். முன்பின் தெரியாதவர்கள் தேடி வருவார்கள். உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். ஓசூரில் கம்பெனி வேலை பார்த்த அவர் கணவருக்கு லீவு நாளில் இதே பைத்தியம். முதல் டப்பாவை இந்த மலை உச்சியில்தான் ஒளித்திருக்கிறார். ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டாராம்.

"கல்யாணமான புதுசுல எத்தனையோ தடவ கூப்பிட்டாரு. வெயில்ல எவ ஏறுவான்னு நான்தான் வரல" என்றார்.

போனில் ஒரு போட்டோ காட்டினார். உச்சியில் ஒரு பாறைமேல் கணவர் உட்கார்ந்திருக்கிறார். பாறையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடி, நடுவில் இரண்டாகப் பிரிகிறது. அந்தக் கோடு எனக்குத் தெரியும். கோடு விழுந்த கல்லை யாரும் வாங்க மாட்டார்கள் என்று எங்கள் தகர ஷெட்டுக்கு வாசற்படியாகப் போட்டிருந்தோம். தினமும் செருப்புச் சேற்றை அதில்தான் தேய்ப்போம்.

அந்தக் கோலத்தில் அதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஷெட்டுக்குப் போய், குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கல்லைக் கழுவினேன்.

"ஏம்பா, கல்லுக்கு இன்னைக்குக் கல்யாணமா?" என்றார் கிரேன்காரர்.

சேறு போனதும் வெள்ளைக் கோடு தெரிந்தது. பின்னாலேயே வந்து நின்ற அந்தப் பெண் போனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். ஈரம் காயும்வரைகூடப் பொறுக்காமல் அதில் உட்கார்ந்துவிட்டார். கிரேன்காரர் சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு எழுந்து அந்தப் பக்கம் போனார்.

வெகுநேரம் கழித்து அந்தப் பெண், "டப்பா?" என்று கேட்டார். மலையில் மேல்மண்ணைத்தான் முதலில் வாரிக் கொட்டுவோம். அதோடு போன டப்பா கழிவு மேட்டுக்கு அடியில் எங்கே கிடக்கிறதோ. இல்லையென்று தலையசைத்தேன்.

கிளம்பும்போது, டப்பாவில் வைக்கக் கொண்டுவந்திருந்த பச்சைக் கோலிக்குண்டை என்னிடம் கொடுத்தார்.

"நான் எடுத்துக்கிட்டேண்ணா. பதிலுக்கு ஒண்ணு வைக்கணும்ல."

சொல்லும்போது அவர் கண் அந்தப் படிக்கல் மேலேயே இருந்தது.

அந்தக் கோலியைப் படிக்கல்லின் பக்கத்துப் பிளவில் வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் படியில் யாரும் செருப்பைத் தேய்ப்பதில்லை; கிரேன்காரரும் தாண்டித்தான் போகிறார். முன்பெல்லாம் கல்லைப் பார்த்தால் எனக்கு நிறமும் வெடிப்பும்தான் கண்ணில் படும். இன்று ஒவ்வொரு கல் லாரியில் ஏறும்போதும், இதன்மேல் யார் உட்கார்ந்து யாருக்காகக் காத்திருந்தார்களோ என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.