மாதாவுக்கு நேர்ந்த கூந்தல்

பிரிகேட் ரோட்டில் டோரீன் மேடத்தின் தொப்பிக் கடைக்கு வந்துபோகிற சீமாட்டிகளுக்குக் கேத்தரினின் முகம் நினைவிருந்ததோ என்னவோ, தலை நன்றாக நினைவிருந்தது. தொப்பி தைப்பதும் அவள்தான். தைத்ததைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்திருக்கும் வாடிக்கைக்காரிக்கு முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டுவதும் அவள்தான். கடையில் கவுன், வீட்டில் சேலை. அல்சூரிலிருந்து காலையில் நடந்து வருவாள், சாயங்காலம் நடந்தே போவாள். நடுவில் உட்காரக் கிடைத்தால் அது ஊசி பிடிக்கிற நேரம். அலுத்துப்போச்சு என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் நடையைப் பார்த்தாலே தெரியும்.

கோடை வந்தால் மெட்ராஸ்காரர்கள் குளிர்ச்சி தேடி பெங்களூருக்கு ஓடி வருவார்கள். டிசம்பரில் பெங்களூர்ச் சீமாட்டிகள் கடல்காற்று தேடி அந்தப் பக்கம் ஓடுவார்கள். வருகிறவர்களுக்கும் தொப்பி, போகிறவர்களுக்கும் தொப்பி. யாருக்கும் இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது, அடேயப்பா! போய் வந்தவர்கள் கடையில் நின்று, அங்கே தின்ற இறாலையும் நண்டையும் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். கேத்தரின் குண்டூசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கும் கடற்கரைக்குப் போகவேண்டியிருந்தது. காற்று வாங்க அல்ல, நேர்ச்சை செலுத்த.

பெரிய காய்ச்சல் பரவி வீட்டுக்கு வீடு சாவு விழுந்த வருஷத்தில் அவள் தங்கை ஜோசஃபின் படுத்துவிட்டாள். நினைவு தப்பி, கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. கேத்தரின் முட்டிபோட்டு, "வேளாங்கண்ணி மாதாவே, இவளை எழுப்பிக் குடு. உன் திருவிழாவுக்கு வந்து என் முடியை உன் கடற்கரையில குடுத்துடறேன்" என்று நேர்ந்துகொண்டாள். ஜோசஃபின் எழுந்தாள். கல்யாணமாகி, ரயில்வேக்காரன் பெண்டாட்டியாகி, இரண்டு பிள்ளையும் பெற்றுவிட்டாள். முடி மட்டும் இன்னும் கேத்தரின் தலையிலேயே இருந்தது.

ஏனென்றால் திருவிழா செப்டம்பரில். கிறிஸ்துமஸ் சரக்கு வந்து இறங்குவதும் செப்டம்பரில். வருஷா வருஷம் அவள் போய்க் கேட்பாள். வருஷா வருஷம் மேடம், "நெக்ஸ்ட் இயர், கேத்தரின்" என்பாள். அம்மாவுக்கு மருந்து, வீட்டு வாடகை, ஜோசஃபின் கல்யாணம் எல்லாம் அந்தக் கடைச் சம்பளத்தில் நடந்தவை. வேலையை விட்டுவிட்டு எங்கே போவது? அதனால் அந்தக் கூந்தலை, பெற்றவள் வந்து கேட்கும்வரை ஊரார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோல, எண்ணெய் தடவி, சீயக்காய் போட்டு, நுனியைக்கூடக் கத்தரிக்காமல் காத்துவந்தாள். அது இடுப்பைத் தாண்டி இறங்கியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது செப்டம்பரில் வந்தது வினை. தலையை இறுக்கிப் பிடித்துக் காது வரை இறங்குகிற, கவிழ்த்த மணி மாதிரியான தொப்பிகளைத்தான் சீமாட்டிகள் கேட்டார்கள். கேத்தரினின் கொண்டை மேல் அது உட்காருமா? கவிழ்த்துப் போட்ட சொம்பு மாதிரி உச்சியில் ஆடியது. வாங்க வந்தவள் ஒருத்தி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அன்று சாயங்காலமே மேடம் கூப்பிட்டாள். "சாட்டர்டே ஹேர் கட் பண்ற லேடி வர்றா. உன் முடியைக் கழுத்தோட கட் பண்ணிடலாம்."

"மேடம், அது நேர்ந்த முடி. லீவு குடுங்க, அங்க போய் மொத்தமா எடுத்துட்டு வந்துடறேன்."

"மொட்டையா?" மேடத்துக்குக் குரல் உச்சிக்கு ஏறியது. "மொட்டைத் தலையோட என் கடையில நிப்பியா? உங்க மாதா இங்க பிளாக்பள்ளிக் கோயில்லயே இருக்காளே, அங்க போய் ஒரு கேண்டில் வை. எல்லாம் ஒரே மாதாதானே?"

"மாதா ஒருத்திதான் மேடம். நான் சொன்ன எடம் அது."

"சாட்டர்டே," என்றாள் மேடம். "இல்லாட்டி வேற வேலை பாத்துக்கோ."

கேத்தரினுக்கு அழுகைகூட வரவில்லை. இத்தனை வருஷம் தவணை சொல்லிச் சொல்லி மாதாவின் முகத்தைப் பார்க்கவே கூசினாள். இப்போது அந்த முடியையும் கடைத் தரையில் கூட்டித் தள்ளிவிட்டால், இனி எந்த வாயால் ஜெபம் சொல்வது?

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பையில் மாற்றுச் சேலையை வைத்துக்கொண்டு ஜோசஃபின் வீட்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? வேலை போயிடும். எனக்காக நேர்ந்தது, நான் சொல்றேன், மாதா கோவிச்சுக்க மாட்டா."

"அவ கோவிச்சுக்க மாட்டாடி. எனக்குத்தான் தாங்கல."

"சரி, காய்ச்சல்னு கடையில சொல்லட்டுமா?"

"பொய் வேணாம். வேளாங்கண்ணிக்குப் போயிருக்கான்னு சொல்லு."

ரயில் மாறி ரயில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு உடம்பில் ஒரு எலும்பும் தன் இடத்தில் இல்லை. எங்கே பார்த்தாலும் ஜனம். ஜெபமாலைக் கடை, மெழுகுவர்த்திக் கடை, பனையோலைச் சாமான் கடை. மீன் வறுக்கிற வாசனை மூக்கைத் துளைத்தது. அதற்கப்புறம் கடல். சீமாட்டிகள் சொன்ன கடல் வேறு ஏதோ என்று தோன்றியது அவளுக்கு. இது ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது, பாவம்.

கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாவிதர்களில் வயசான ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். அவர் அந்தக் கூந்தலைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, பூமுடி குடுத்துட்டுப் போயேன். மூணு எடத்துல மூணு விரக்கடை நறுக்கி விட்டுர்றேன். பொம்பளைங்க நெறைய பேர் அப்படித்தான் குடுக்குறாங்க. அதுவும் நேர்ச்சைதான்."

கேத்தரின் திகைத்துப்போனாள். இப்படி ஒரு வழி இருக்கிறதா! மாதாவுக்கு மூன்று விரல், மீதியைத் திரும்பிப் போய் மேடம் சொன்னபடி கழுத்தோடு வெட்டிக்கொண்டால் வேலையும் நிலைக்கும். யாரும் குறை சொல்ல முடியாது. கடலைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்கு மூன்று முழம், மாதாவுக்கு மூன்று விரலா? சீ!

"மொட்டைதான் அய்யா. மழமழன்னு எடுத்துடுங்க."

குளித்து எழுந்து, பூசை கண்டு, நாளெல்லாம் நின்ற கால்களை நீட்டி மணலில் உட்கார்ந்தாள். மந்தாரை இலையில் வறுத்த மீனும் இடியாப்பமும் வாங்கித் தின்றாள். பெங்களூரில் ஐஸில் கிடந்து வருகிற மீன் மீனே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெயில் புதுத்தலையில் சுள்ளென்று உறைத்தது. ஓலைக் கடையில் ஒரு பனையோலைத் தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டாள். ஊரில் பாதிப் பேருக்குத் தொப்பி தைத்தவள் தனக்கென்று வாங்கிய முதல் தொப்பி அது. கண்ணாடி பார்க்கவில்லை. யாருக்கும் திரும்பிக் காட்டவும் இல்லை. அப்போதுதான் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை, வேலை போனதென்றே நினைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள். நாற்காலியில் ஒரு வாடிக்கைக்காரி காத்திருந்தாள். மேடம் அவள் தலையிலிருந்த பனையோலைத் தொப்பியைக் கழற்றிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. பிறகு வேறு வழியில்லாமல் புதுத் தொப்பியை எடுத்து அந்த மொட்டைத் தலையில் வைத்தாள். அது காது வரை வழுக்கி இறங்கி, அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது. வாடிக்கைக்காரி கை தட்டினாள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு போனாள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்!" மேடத்துக்கு வாயெல்லாம் பல். "சாட்டர்டே விஷயத்தை மறந்துட்டேன், போ. இப்படியே வெச்சுக்கோ. வாரம் ஒரு தடவை ஷேவ் பண்ண நானே ஆள் வெக்கறேன்."

கேத்தரின் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். ஒரு பேச்சுக்குக்கூடக் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த உடம்பில் தெம்பும் இல்லை.

"குடுக்கவேண்டியதைக் குடுத்துட்டேன் மேடம். இனிமே மொளைக்கிறது என்னோடது. தைக்கிறதுக்கு நான் இருக்கேன். தலைக்கு வேற ஆள் பாத்துக்கோங்க."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசல் மணி அடித்தது. அடுத்த சீமாட்டி உள்ளே வந்து அதே தொப்பியைக் காட்டச் சொன்னாள். கடையில் காட்டுவதற்கு வேறு தலை ஏது? டோரீன் மேடமே அதை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்தாள். அவளுக்கும் கொண்டைதான், வெள்ளை ஓடிய பெரிய கொண்டை. தொப்பி உச்சியில் ஏறி நின்று ஆடியது.

கேத்தரின் ஊசியில் நூல் கோத்தாள். மயிர் முளைக்கிற இடமெல்லாம் தலை அரித்தது. தையலை மடியில் போட்டுவிட்டு, ஆசை தீரச் சொறிந்துகொண்டாள்.