பச்சையப்பன் விட்ட விரால்

பருத்திப்பட்டு ஏரிக்குப் போகும் வழியில் நூற்றிருபது வீடுகள் கொண்ட அடுக்ககம் ஒன்று இருக்கிறது. பச்சையப்பன் அதன் காவலாளி. அவருடைய அப்பா நெல் போட்ட நிலம் அது. இப்போது கடைக்குப் போய்த் திரும்பினாலும் உள்ளே நுழைய அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

நடுவில் அழகுக்கு ஒரு சிமெண்ட் குளம். பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள், வீட்டுத் தொட்டி மீன்களைக் கொல்ல மனமில்லாமல் அதில் விட்டுப் போவார்கள். எந்தப் புண்ணியவானோ இரண்டு ஜிலேபி மீனையும் விட்டார். இரண்டே வருடத்தில் குளத்தில் தண்ணீரைவிட மீன் அதிகம். விடிந்தால் மூச்சுக்குத் தவித்து அத்தனையும் மேலே வந்து வாயைத் திறக்கும். பசிக்கிறது போல என்று மாடிகளிலிருந்து பொரி கொட்டுவார்கள்.

குளம் நாறியது. அதைப் பார்த்துக்கொள்வதும் பச்சையப்பன் பொறுப்புதான். பத்து நாளில் சரியாகாவிட்டால் ஆளை மாற்றுவதாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கிருஷ்ணப்பிரியா சொல்லிவிட்டார். வேலை போனால், மோட்டார் அறையை ஒட்டிப் பச்சையப்பனும் மனைவி வேம்புலியம்மாளும் குடியிருக்கும் ஒற்றை அறையும் போகும். பாதி மீனை வலைபோட்டு எடுத்துவிடலாம் என்றார் பச்சையப்பன். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. அது கொடுமை என்று தொண்ணூறு வீடுகள் தீர்ப்பளித்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை, அவற்றில் பாதி வீடுகளில் வஞ்சிரம் வறுபட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப ஒரு விரால வுட்ரலாம் மேடம். அது பாட்டுக்கு குஞ்சுங்கள துன்னுகினு கெடக்கும். நம்ம கையில பாவம் ஒட்டாது."

இதற்கு எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

ஆவடி மார்க்கெட்டில் உயிரோடு வாங்கிய முழங்கை நீள விராலை அனைவர் முன்னிலையிலும் விட்டார். மறுநாள் காலை அது கரையேறி ஊர்ந்து, குரோட்டன்ஸ் செடியடியில் எறும்பு மொய்க்கச் செத்துக் கிடந்தது. பச்சையப்பன் யாரிடமும் மூச்சுவிடாமல் புதைத்துவிட்டார்.

ஆனாலும் மீன்கள் குறைந்தன. முள் இல்லை, செதில் இல்லை. தண்ணீர் தெளிந்தது. தினமும் வரும் கொக்குகள் வருவதை நிறுத்தின.

"நல்லதுதான நடக்குது, இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற?" என்றாள் வேம்புலியம்மாள்.

"விரால் மொத நாளே செத்துப்பூச்சு."

"அப்ப எது துன்னுது?"

"அத்த கேக்காத. வேல கீதுல்ல."

பத்தாம் நாள் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். குளம் சமநிலைக்கு வந்துவிட்டதால், சுத்தம் செய்ய வெளியாள் தேவையில்லை, இனி பச்சையப்பனே உள்ளே இறங்கித் தேய்ப்பார் என்று கிருஷ்ணப்பிரியா அறிவித்தார். மாட்டேன் என்றால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் வேலை இருக்காது.

லுங்கியை மடித்துக் கட்டி, பிரஷ்ஷோடு இறங்கினார். தொடையளவு தண்ணீர், தரை பளிச்சென்று தெரிந்தது. மிஞ்சியிருந்த நாற்பது மீன்களும் ஒரே வீச்சில் வந்து அவர் கால்களுக்குப் பின்னால் நெருக்கியடித்து ஒண்டிக்கொண்டன. அவர் நகர்ந்தார், அவையும் கூடவே நகர்ந்து, ஒரே மூலையிலிருந்து மறைவதுபோல் மறுபடி கால்களுக்குப் பின்னால் போயின.

அங்கிளிடம் மீன்களுக்கு எவ்வளவு பாசம் என்று மாடியிலிருந்து கைதட்டினார்கள்.

மீன்கள் எந்த மூலைக்குப் பயந்து ஒளிந்தனவோ அந்த மூலையைப் பச்சையப்பன் பார்த்தார். வெறும் தண்ணீர்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.