நல்லா இருக்கிறன் என்ற பதில்

"மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?" இதுதான் அந்தத் தாளின் முதற் கேள்வி. போர் நின்றிருந்த சமாதான காலத்தில் வன்னியில் மாங்குளம் பக்கத்துச் சிகிச்சை நிலையமொன்றில் நான் உதவித் தாதியாக இருந்தேன். இதயம் பலவீனமானவர்களிடம் மாதந்தோறும் இப்படிச் சில கேள்விகளைக் கேட்டு எழுதுவது என் வேலை. நாங்கள் கொடுக்கும் மருந்துக் குளிசையால் நாடித்துடிப்பு மட்டுமல்ல, இவர்களின் அன்றாட வாழ்வும் தேறுகிறதா என்று எங்கள் டொக்டர் அறிய விரும்பினார். கேள்வியைக் கேட்டதும் கச்சான் அம்மா வாசலை எட்டிப் பார்த்தார். "மாடி எங்கயிருக்கு பிள்ளை? இருந்ததும் சண்டை நேரம் செல்லடியில விழுந்திட்டுதே" என்றார். வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த நோயாளர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டொக்டர் அன்றே தாளில் மாடிப்படியை வெட்டிவிட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதைச் சேர்த்தார்.

பஸ் நிற்கும் இடத்தில் கச்சான், அதாவது நிலக்கடலை, வறுத்து விற்பவர் என்பதால்தான் அந்தப் பெயர். சிறுமியாக இருக்கும்போது தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயோடு வன்னிக்கு வந்தவர். பிறகும் எத்தனையோ தரம் இடம்பெயர்ந்தவர். வாய்த்துடுக்கு அதிகம், எனக்கு அவரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அவருடைய பதில்கள்தான் எங்களைக் குழப்பின. கால்வீக்கம் வற்றிவிட்டது, முகம் தெளிந்துவிட்டது, பதில்களோ மாதத்துக்கு மாதம் மோசமாகிக்கொண்டு போயின. தண்ணீர் அள்ள ஏலாது, படுக்க ஏலாது, நடக்க ஏலாது. டொக்டர் அதை நம்பி, உடம்பு நீரை இறக்கும் குளிசையைக் கூட்டினார். கொஞ்ச நாளில் கச்சான் அம்மா உடம்பில் நீர் வற்றிப்போய்க் கச்சான் சட்டிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். பக்கத்தில் சைக்கிள் திருத்துகிற அண்ணைதான் அவரைக் கொண்டுவந்து சேர்த்தார். அவரும் எங்களிடம் அதே நோய்க்கு மருந்தெடுப்பவர்.

கண் திறந்த பிறகுதான் உண்மை வந்தது. "நல்லா இருக்கிறன் எண்டு சொன்னா என்ர பேரை வெட்டிப்போடுவியள் எண்டு நினைச்சன். நிவாரணத்தையும் அப்பிடித்தானே வெட்டினவை" என்றார். நிவாரணத்துக்குப் பதிய ஆட்கள் வந்தால் என்னைப் பெற்ற அம்மாவும் கோழிகளைக் கூடையால் மூடிவைப்பார். தாளும் பேனாவுமாக வந்து நலம் கேட்பவரிடம் எங்கள் சனம் நலமென்று சொல்லாது. இது தெரிந்திருந்தும் எனக்கு அந்த வாங்கில் உறைக்கவில்லை. அன்றிலிருந்து, "சுகமெண்டு சொன்னாலும் குளிசை நிக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வியைத் தொடங்குவேன். அதன் பிறகு கச்சான் அம்மாவின் பதில்களைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கும். "அள்ளிக் குளிச்சனான், கத்தரிக்கும் ஊத்தினனான். இன்னும் என்ன எழுதப்போறாய்?" என்பார்.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. எல்லோரும் கிழக்கே நகர்ந்து நகர்ந்து புதுக்குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம். மருந்து வருவது நின்றுபோனது. மிஞ்சிய குளிசைகளைப் பையில் போட்டுக்கொண்டு தறப்பாள் கூடாரம் கூடாரமாக எங்கள் நோயாளர்களைத் தேடினேன். கச்சான் அம்மா ஒரு மரத்தில் சாய்ந்து இருந்தார். படுத்தால் மூச்சு முட்டுவதால்தான் அப்படி இருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. சேலையை இழுத்து வீங்கிய பாதங்களை மூடிக்கொண்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கிறன் பிள்ளை." மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்ந்தார். "எனக்கு வேண்டாம். சைக்கிள்காரத் தம்பிக்குக் குடு. அவனுக்குச் சின்னப் பிள்ளையள்."

அவர் கையில் குளிசை அட்டையை வைத்து விரல்களை மூடிவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் சைக்கிள் அண்ணையைப் பதுங்குகுழியில் கண்டபோது அதே அட்டை அவருடைய சட்டைப் பையில் இருந்தது. "அம்மா தனக்கு மிச்சமெண்டு தந்தவா" என்றார். மரத்தடிக்கு ஓடினேன். செல்லடிக்குச் சனம் கலைந்துவிட்டிருந்தது. பிறகு அவரைக் கண்டவர்கள் எவரையும் நான் சந்திக்கவில்லை. சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த முகாமிலும் தேடினேன்.

இப்போது வவுனியாவில் வேலை செய்கிறேன். சைக்கிள் அண்ணை இன்றும் மருந்தெடுக்க வருகிறார். தலை நரைத்துவிட்டது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சுகமாக இருப்பதாகச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். போனமுறை எழும்பிப் போனவர் நின்று திரும்பினார்.

"அந்தக் கச்சான் அம்மா கடைசியா என்ன மாதிரி இருந்தவா, தங்கச்சி? உங்களிட்ட நல்லா இருக்கிறன் எண்டெல்லே சொன்னவா?"

"ஓம் அண்ணை," என்றேன், "அப்பிடித்தான் சொன்னவா."